தறியிலிருந்து தண்ணீருக்கு

கைத்தறியில் அமர்ந்து நெய்பவரின் அருகே சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருக்கக்கூடும். பாவு நூல்களின் இடையே இங்குமங்கும் ஓடும் விசைநாடாவின் வயிற்றுக்குள் தார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். நாடா எத்துணை விரைவாக ஓடினாலும் அந்தத் தார் சுழல்வதில்லை. அது அசையாதிருக்க, அதன் நுனி வழியாக ஊடைநூல் சுற்றுச் சுற்றாகக் கழன்று வெளியேறிக்கொண்டே இருக்கும். தார் சுழன்றுதான் நூல் தரவேண்டும் என்றிருந்தால், ஒவ்வொரு வீச்சிலும் நூல் இழுபட்டு அறுந்துவிடும்.

நெசவாளர் நன்கறிந்த இந்த எளிய உண்மை, 1905-ஆம் ஆண்டில் தறியை விட்டு ஆற்றங்கரைக்குச் சென்றது. அதன் பயனாகப் பிறந்ததே இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கைகளில் இருக்கும் இலேசான தூண்டில் ரீல். கடைக்காரர்கள் இதனை ‘ஸ்பின்னிங் ரீல்’ என்கின்றனர். ஸ்பின்னிங் என்றால் நூல் நூற்றல் என்றும் பொருள். ஆனால் இங்கே அச்சொல் குறிப்பது, நீருக்குள் சுழன்று மீனை ஈர்க்கும் பொய்யிரையை வீசிப் பிடிக்கும் முறையையே. எனினும், நூற்பாலைக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு சொல்லளவில் மட்டும் நிற்பதன்று. அந்த உறவின் வரலாற்றையும், இலேசான ஒன்றைத் தேடி மனிதர் மேற்கொண்ட நெடும் பயணத்தையும், அப்பயணத்தில் யார் எதைப் பெற்றனர், எது எதை இழந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலை என்பது பலர் சேர்ந்து இழுப்பது, தூண்டில் ஒருவருடையது. நற்செய்தி நூல்களில் மீன்பிடித்தல் பெரும்பாலும் வலையோடும் படகோடுமே பேசப்படுகிறது. தூண்டில் தலைகாட்டுவது ஒரே ஓரிடத்தில்தான். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், கோவில் வரி செலுத்துவதற்காகப் பேதுரு கடலுக்கு அனுப்பப்படும் நிகழ்ச்சியில். அங்கேயும் பிடிபடுவது ஒரே மீன். தூண்டிலின் இயல்பு அதுவே. ஒரு கை, ஒரு நூல், ஒரு மீன். ஆகவே அக்கையின் வலிமையும் அந்நூலின் எடையும் தூண்டிலின் வரலாற்றில் பெரிய பொருளாகிவிடுகின்றன.

சுழலும் உருளையின் காலம்

தூண்டிற்கோலில் நூலைச் சுற்றிவைக்க உருளை ஒன்றைப் பொருத்தும் வழக்கம் மிகப் பழமையானது. சீன நாட்டில் சாங் அரசர் காலத்தில் வாழ்ந்த மா யுவான் என்னும் ஓவியர், 1195-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்று இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. விரிந்து கிடக்கும் குளிர்கால நீர்ப்பரப்பில் சிறு படகொன்று. அதில் குனிந்து அமர்ந்திருக்கும் ஒரு தனி மனிதர். அவர் கையிலுள்ள கோலில் ஒரு சிறு சக்கரம். தூண்டில் ரீலைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கொள்வர்.

ஐரோப்பாவுக்கு இக்கருவி வெகு காலம் கழித்தே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட தூண்டிற்கலை பற்றிய நூலில் ரீல் இல்லை. கோலின் நுனியில் கட்டிய குதிரைமயிர்க் கயிறே உண்டு. 1651-இல் தாமஸ் பார்க்கர் என்ற சமையற்கலைஞர் எழுதிய சிறு நூலில்தான் நூல் சுற்றும் கருவி பற்றிய குறிப்பு ஆங்கிலத்தில் முதன்முதலாக வருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1653-இல், ஐசக் வால்டன் தம் புகழ்பெற்ற தூண்டில் நூலை வெளியிட்டார். அவர் இலண்டனில் துணி வணிகம் செய்தவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. நூலும் துணியும் தூண்டிலின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வந்து இணைவதை நாம் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைகள் பெரிதும் திருந்தின. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் லேஸ் பின்னுவதற்குப் பெயர்பெற்றது. அத்தொழிலின் மரப் பாபின்களைப் பார்த்தே, அவ்வூரார் இலகுவாகச் சுழலும் மர ரீலை உருவாக்கினர் என்பர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளர், 1820-க்குச் சற்று முன்பின்னாக, பற்சக்கரங்கள் அமைந்த ரீலைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும். தண்ணீரிலிருந்து நூலை விரைந்து இழுக்க இது பேருதவியாயிற்று.

ஆனால் இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. இரையை வீசும்போது அந்த இரையே உருளையைச் சுழற்றி நூலை வெளியே இழுக்கவேண்டும். நின்றுகொண்டிருக்கும் உருளையைச் சுழலச் செய்ய விசை தேவை. அவ்விசை இரையின் எடையிலிருந்தே வரவேண்டும். கனமான இரை என்றால் தடையில்லை. சில கிராம் எடையே உள்ள சிற்றிரை என்றால், அது உருளையை அசைப்பதற்குள் தன் வேகத்தை எல்லாம் இழந்து காலடியிலேயே விழும். அதற்கு மாறாக, கனமான இரையால் வேகங்கொண்ட உருளையோ, இரை நீரைத் தொட்டு நின்ற பின்னும் தான் நிற்காமல் சுழன்று நூலைக் குருவிக்கூடு போலச் சிக்கலாக்கிவிடும். கட்டைவிரலால் உருளையை உரிய நேரத்தில் தடவி அடக்கும் திறன் பெறப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

இதன் பொருள் யாது? இலேசான இரையைத் தொலைவில் வீசும் இன்பம், பயிற்சிக்கு நேரமும் விலையுயர்ந்த கருவிக்குப் பணமும் உள்ளவர்களுக்கே உரியதாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஆலையில் உழைத்து, ஏழாம் நாளில் கால்வாய்க்கரைக்கு வரும் தொழிலாளிக்கு அந்த நேரம் ஏது?

பெர்த் நகரின் கேள்வி, பிராட்ஃபோர்டின் விடை

உருளை சுழலாமலே நூல் கழலும்படி செய்ய முடியாதா என்று முதலில் வெற்றியுடன் எண்ணியவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த பீட்டர் டங்கன் மல்லோக். மீன்களின் வாழ்வை ஆழ்ந்து கற்றவர். சால்மன் மீனைப் பற்றி 1910-இல் நூலும் எழுதினார். 1884-இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் ஒரு புதுமை இருந்தது. வீசும் நேரத்தில் உருளையைக் கால் வட்டம் திருப்பி, அதன் விளிம்பு கோலின் நுனியை நோக்குமாறு வைக்கலாம். அப்போது நூல் விளிம்பின் மேலாகத் தானே கழன்று ஓடும். இரை விழுந்ததும் உருளையைப் பழைய நிலைக்குத் திருப்பி, வழக்கம்போல் சுற்றிக்கொள்ளலாம்.

சிறந்த எண்ணமே. ஆயினும் நூல் ஒரு வழியில் கழன்று, வேறொரு வழியில் சுற்றப்பட்டதால், ஒவ்வொரு வீச்சிலும் அதில் முறுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. முறுக்கேறிய நூல் எப்போது வேண்டுமானாலும் சுருண்டு சிக்கும். மல்லோக் கேட்ட கேள்வி சரியானது. விடையில் பாதியே அவருக்குக் கிட்டிற்று.

மறுபாதியை அளித்தவர் ஒரு நூற்பாலைக்காரர். யார்க்ஷயரிலுள்ள பிராட்ஃபோர்டு நகரம் அக்காலத்தில் கம்பளி நூலுக்கு உலகின் தலைநகர் எனத்தக்கதாய் விளங்கியது. அங்கே கம்பளித் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், பாபின்களில் நூல் ஏறுவதையும் இறங்குவதையும் நாள்தோறும் கண்டவர். பாபின் நின்றபடி இருக்க, நூல் அதன் நுனி வழியே கழல்வது அவருக்குப் புதிதன்று. 1733-இல் ஜான் கே காப்புரிமை பெற்ற விசைநாடாவின் வழிவந்த நாடாக்கள் அந்த வட்டாரத்தின் தறிகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அதேபோல், நின்றிருக்கும் பாபினைச் சுற்றிக் கை போன்ற ஓர் உறுப்பு வலம்வந்து நூலைச் சுற்றுவதும் ஆலைகளில் வழக்கமே.

இல்லிங்வொர்த் செய்தது இவ்விரண்டையும் இணைத்ததுதான். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை கோலின் போக்கிலேயே, முன்நோக்கி நிலையாக அமைந்தது. வீசும்போது நூல் அதன் விளிம்பின் மேலாகக் கழன்றது. திரும்பச் சுற்றும்போதும் உருளை சுழலவில்லை; பற்சக்கரங்களால் இயங்கும் சிறு கையொன்று அதனைச் சுற்றிவந்து நூலை இட்டது. உருளை மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்ததால் நூல் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக ஏறிற்று. கழன்ற வழியிலேயே நூல் திரும்பவும் ஏறியதால், வெளியேறும்போது பெற்ற முறுக்கு உள்ளே வரும்போது பெரும்பாலும் நீங்கியது. தறியின் தார் தண்ணீருக்கு வந்துவிட்டது!

அதன் பின் வந்தவை திருத்தங்களே. இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள ஆல்னிக் நகரத்து ஹார்டி நிறுவனம் 1932-இல் ‘ஆல்டெக்ஸ்’ என்னும் ரீலை வெளியிட்டது. நூலைத் தானே பற்றிக்கொள்ளும் முழு வளைகம்பி அதில் அமைந்திருந்தது. வீசும்முன் அக்கம்பியைத் திறப்பது, வீசிய பின் கைப்பிடியைச் சுற்றினால் அது தானே மூடிக்கொள்வது என்னும் அந்த அமைப்பே இன்றும் நம் கைகளில் உள்ளது.

எளிமை யாருக்கு?

புதிய கருவியை எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. பல ஆண்டுப் பயிற்சியால் பெற்ற திறனை, ஒரு பிற்பகல் பழக்கத்தில் எவரும் பெற்றுவிட முடியும் என்பது சிலருக்கு உறுத்தியது. இது கலையன்று, பொறி செய்யும் வேலை என்றனர். மெல்லிய நூலைப் பயன்படுத்தியதால் இம்முறையை ‘நூற்கோட்டு முறை’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அப்பெயரில் சற்று இளக்காரமும் கலந்திருந்தது. ட்ரௌட் மீன் வாழும் ஓடைகள் பலவற்றில், இறகால் கட்டிய ஈயிரை தவிர வேறொன்றும் கூடாது என்னும் விதி அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது.

இந்த எதிர்ப்பில் உண்மை அறவே இல்லை என்று தள்ளிவிட முடியாது. திறன் எளிதாகும்போது, திறனோடு வளர்ந்த பொறுமையும் அடக்கமும் குறையக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மறுபுறத்தையும் காணவேண்டும். இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் தூண்டிற்சங்கங்கள் பெரும்பாலும் உழைப்பாளிகளின் சங்கங்கள். ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் சேர்ந்து வளர்த்த இத்தகைய சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1903-இல் தோன்றியது. இல்லிங்வொர்த்தின் ரீலுக்கு இரண்டே ஆண்டுகள் முந்தியது. தொடக்கத்தில் விலை மிகுந்திருந்த நிலையுருளை ரீல், காலப்போக்கில் மலிவாகி இவர்களிடம் வந்து சேர்ந்தபோது, முன்பு சிலருக்கே எட்டிய நீர்ப்பரப்பு பலருக்கும் எட்டிற்று. முதுமையால் கைவலு குறைந்தவரும், பெண்களும், சிறுவரும் பத்துக் கிராம் இரையைத் தொலைவில் வீசினர். ஆலையில் பிறந்த அறிவு, ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நாளுக்குத் திரும்பி வந்தது எனலாம்.

நைலான் என்னும் துணை

கருவி வந்தபோது அதற்கேற்ற நூல் வரவில்லை. அக்காலத்தில் பின்னிய பட்டு நூலே பெரிதும் வழங்கியது. அதை ஒவ்வொரு முறையும் உலர்த்தவேண்டும், தவறினால் மட்கிவிடும். முள்ளின் அருகே கட்டப்படும் மெல்லிய பகுதி, பட்டுப்புழுவின் சுரப்பியை நீட்டிச் செய்யப்பட்டது. அதுவும் நீரில் ஊறவைத்தே பயன்படுத்தத் தக்கது.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் வாலஸ் கரோதர்ஸ், 1935-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பின்னர் நைலான் என அழைக்கப்பட்ட பொருளைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். ஆனால் தம் கண்டுபிடிப்பு அப்பெயர் பெறுவதையோ, உலகம் அதை ஏற்பதையோ அவர் காணவில்லை. நெடுநாள் மனச்சோர்வால் வருந்திய அவர் 1937-இல், தமது 41-ஆம் வயதில், மறைந்தார். 1938 அக்டோபரில் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த போர் அதைப் பாராசூட்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. போர் ஓய்ந்த பின் ஒற்றை இழை நைலான் தூண்டில் நூலாகப் பரவிற்று. நம் கடற்கரைகளில் தங்கூசி என்றும் நரம்பு என்றும் மீனவர் அழைப்பது இதையே.

நிலையுருளையும் நைலானும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை போல் பொருந்தின. மெல்லியதும் வழவழப்பானதுமான நைலான், உருளை விளிம்பின்மீது தடையின்றி வழுக்கி ஓடிற்று. உலர்த்தும் தொல்லை இல்லை, மட்குதலும் இல்லை. மட்காதது என்னும் இந்தச் சிறப்பே பின்னாளில் எப்படிக் குறையாயிற்று என்பதைப் பிறகு காண்போம்.

கடிகாரம் செய்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இலேசான ரீலின் வரலாறு பிரான்சு நாட்டின் மலைப்பகுதிக்கு நகர்கிறது. புனித பிரான்சிஸ் சலேசியார் ஆயராகப் பணியாற்றிய சவோய் மண்ணில், ஆர்வ் ஆற்றின் கரையில் குளூஸ் என்னும் சிறு நகரம் உள்ளது. பனிக்காலத்தில் வயல் வேலையற்ற உழவர்கள் வீட்டிலிருந்தபடியே கடிகாரங்களுக்குப் பற்சக்கரம் வெட்டிக் கொடுத்த பள்ளத்தாக்கு அது. 1848-இல் அங்கே கடிகாரத் தொழிற்பள்ளியும் நிறுவப்பட்டது. அந்நகரின் கார்ப்பானோ - போன்ஸ் நிறுவனம் ‘மிச்செல்’ என்னும் பெயரில் செய்த ரீல்கள் உலகெங்கும் பரவின. அவற்றுள் ‘மிச்செல் 300’ இலட்சக்கணக்கான குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கருவி. ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள அது, அந்நாளில் இலேசானது என்றே பாராட்டப்பட்டது. அதனிலும் சிறியதாக வந்த ‘மிச்செல் 308’ ஓடை மீனுக்கென்றே அமைந்தது.

வேறிரு நிறுவனங்களையும் இங்கே குறிப்பிடவேண்டும். இரண்டும் ஒரே ஆண்டில், 1921-இல், தோன்றியவை. ஸ்வீடன் நாட்டின் ஸ்வேங்ஸ்தா என்னும் ஊரில் தொடங்கிய ‘அபு’, முதலில் கடிகாரத் தொழிற்சாலை. 1960-களில் அது வெளியிட்ட ‘கார்டினல்’ ரீல்கள் உறுதிக்கும் மென்மைக்கும் பெயர்பெற்றன. ஜப்பானின் சாக்காய் நகரில் ஷிமானோ ஷோசபுரோ தொடங்கிய சிறு பட்டறை, மிதிவண்டியின் ஃப்ரீவீல் செய்வதில் தொடங்கி, 1970-இல் தூண்டிற்கருவிகளுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. பித்தளையும் அலுமினியமும் இருந்த இடத்தில் கரியிழை கலந்த பிளாஸ்டிக்கும் மக்னீசியமும் வந்தன. இன்று மிகச் சிறிய அளவு ரீல்களில் 150 கிராமுக்கும் குறைந்தவை விற்பனையில் உள்ளன. 300 கிராமை இலேசு என்று கொண்டாடிய கை, அதில் பாதியைத் தாங்கப் பழகிவிட்டது.

துணி வணிகர், சமையற்கலைஞர், கடிகாரத் தொழிலாளர், நூற்பாலைக்காரர், மிதிவண்டிப் பட்டறையாளர் என இவ்வரலாற்றை நடத்திச் சென்றவர்களில் பெரும்பாலோர் வேறு தொழிலைச் செய்தவர்களே. ஒரு தொழிலில் பெற்ற அறிவைத் தமதென்று பூட்டிவைக்காமல், பிறிதொன்றில் பொருத்திப் பார்த்தவர்கள் அவர்கள்.

இலேசுக்குக் கொடுத்த விலை

இவ்வளவோடு கட்டுரையை முடித்தால் அது பாதி உண்மையே ஆகும். கையிலிருந்து எடை குறைந்தபோது, அதன் சுமை எங்கே சென்றது என்றும் கேட்கவேண்டும்.

இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் நூலை நீரில் ஆழ்த்துவதற்குப் பிளந்த சிறு ஈயக்குண்டுகளைப் பல்லால் கடித்துப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். அவை பருப்பளவும் இல்லாதவை. கரையில் சிந்தினால் யாரும் குனிந்து பொறுக்கமாட்டார்கள். சிக்கிய நைலானைக் கத்தரித்து எறியும்போது, குண்டுகளும் அதனோடு போயின. தூண்டில் பிடிப்போர் தொகை பெருகப் பெருக, ஆற்றடியில் ஈயமும் பெருகிற்று.

அன்னப் பறவைகள் இரையை அரைப்பதற்கென்று ஆற்றுப்படுகையிலிருந்து சிறு கற்களை விழுங்குவது இயற்கை. கற்களென்று எண்ணி அவை ஈயத்தையும் விழுங்கின. அரைபட்ட ஈயம் குருதியில் கலந்து தசைகளைத் தளர்த்தியது. நிமிர்ந்த கழுத்து அடியிலிருந்தே வளைந்து சாய, உண்ண முடியாமல் அவை மெலிந்து மடிந்தன. தேம்ஸ், ஏவன் போன்ற ஆறுகளில் அன்னங்களின் தொகை அருகிப்போனதை 1970-களில் மக்கள் கண்ணாரக் கண்டனர். 1981-இல் இயற்கைப் பாதுகாப்பு மன்றத்தின் அறிக்கையும், 1983-இல் அரச ஆணையத்தின் அறிக்கையும் ஈயத்தைக் குற்றஞ்சாட்டின. 1987 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அன்னங்கள் மீண்டும் பெருகின.

இங்கே ரீலைக் குற்றவாளி ஆக்க நான் முனையவில்லை. ஈயக்குண்டு அதற்கும் முந்தியது. ஆயினும் கருவி எளிதானதும் கைகள் பெருகின. கைகள் பெருகியதும் சிந்தியவையும் பெருகின. ஒருவர் சிந்திய ஒரு குண்டு ஒன்றுமில்லை; ஓர் ஊரே சிந்தினால் அது நஞ்சு. நைலானும் அவ்வாறே. பட்டு மட்கிப்போகும் என்று வருந்திய நாம், மட்காத நூலைப் பெற்றோம். கத்தரித்து எறிந்த அந்நூல் பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் பல்லாண்டு சுற்றிக் கிடக்கிறது. நமக்கு எது நற்பண்போ, அதுவே அவற்றுக்கு விலங்கு.

தேர்ந்தெடுப்போர்க்கு

இன்று இலேசான ரீல் ஒன்றை வாங்க விரும்புவோர்க்கு, மேற்கண்ட வரலாறே வழிகாட்டக்கூடும். முதலாவதாக, எடையைத் தனியே பார்த்தல் கூடாது. மிக இலேசான ரீலை நீண்ட கோலில் பொருத்தினால், கோலின் நுனி கீழே தாழ்ந்து, மணிக்கட்டு இருமடங்கு நோகும். ரீலைக் கோலில் பொருத்தி, பிடியருகே ஒரு விரலில் தாங்கிப் பார்த்து, சமநிலை கிட்டுகிறதா என அறிதல் நலம். ஏரி, ஆற்று மீனுக்கு 1000 முதல் 2500 வரை எண்ணிட்ட அளவுகளும், 200 முதல் 250 கிராம் வரையுள்ள எடையும் பெரும்பாலோர்க்குப் போதும்.

இரண்டாவதாக, உருளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். இல்லிங்வொர்த்தின் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அங்கே சிறு கீறல் இருந்தாலும் நூல் தேயும். நூலை விளிம்புக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழே நிற்குமாறு நிரப்பவேண்டும். குறைந்தால் நூல் விளிம்பில் உராய்ந்து வீச்சு குன்றும்; மிகுந்தால் சுருள் சுருளாகச் சரிந்து சிக்கும்.

மூன்றாவதும் முதன்மையானதும், நூலை விட்டுக்கொடுக்கும் தடுப்பமைப்பு. மீன் வலிந்து இழுத்தால், நூல் அறுமுன் உருளை சற்று வழுக்கி நூலை விடவேண்டும். இதனால்தான் இரண்டு கிலோ தாங்கும் நூலில் ஐந்து கிலோ மீனையும் கரைசேர்க்க முடிகிறது. நூலின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான இழுப்பில் அது வழுக்கத் தொடங்குமாறு அமைப்பர். கடையிலேயே கையால் இழுத்துப் பாருங்கள். தயங்கித் தயங்கி, வெடுக்கென்று விட்டால் அந்த ரீல் வேண்டா. ‘பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங்’ என்னும் விளம்பரத்தைவிட இச்சோதனை பயன் தரும்.

இதனோடு ஓர் எச்சரிக்கை. மீன் இழுத்தோடி நூல் வழுக்கிச் சென்றுகொண்டிருக்கும் வேளையில், பதறிக் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். சுற்றுவதால் மீன் ஓர் அங்குலமும் நெருங்காது. மாறாக, மல்லோக்கைத் தோற்கடித்த அதே முறுக்கு நூலில் ஏறும். அடுத்த வீச்சில் அது சிக்கலாக வெளிப்படும். மீன் ஓடும்போது விடுவதும், அது நின்றபோது சுற்றுவதுமே முறை.

நான்காவதாக, கடலோரத்தில் பயன்படுத்துவோர் மிக இலேசானதைத் தேடுவதில் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். மக்னீசியத்தின் மேற்பூச்சு உரிந்தால் உப்பு அதை விரைவில் அரித்துவிடும். எந்த ரீலாயினும் வீடு திரும்பியதும் நன்னீரில் மெல்லக் கழுவி உலர்த்துதல் வேண்டும். திறந்து எண்ணெயிட முடிகிற, உதிரி உறுப்பு கிடைக்கிற ரீலையே வாங்குங்கள். இருபது கிராம் கூடுதலாய் இருந்தாலும், இருபது ஆண்டு உழைப்பதே உண்மையில் இலேசானது. அடுத்த ஆண்டே குப்பைக்குப் போவதன் எடையை மண் சுமக்க நேரிடும்.

இறுதியாக, கருவிப் பெட்டியில் ஒரு சிறு தகர டப்பாவுக்கும் இடம் வையுங்கள். கத்தரித்த நூலையும், பயன்படாத முள்ளையும், ஈயம் இருந்தால் அதையும் அதில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். எடையில் அது சில கிராமே. மா யுவானின் ஓவியத்தில் அந்தத் தனி மனிதரைச் சுற்றி இருப்பது வெறும் நீர். அங்கே அவர் விட்டுச்சென்றது என்று எதுவும் தென்படவில்லை. எண்ணூறு ஆண்டுகள் கழித்து, அவர் கையிலிருந்ததினும் எவ்வளவோ நுட்பமான கருவியைப் பெற்றிருக்கும் நாம், கரையை விட்டு எழும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். நாம் அமர்ந்திருந்த இடமும் அவ்வாறே இருக்குமானால், நம் தேர்வு நல்ல தேர்வே.